முதலாளிக்கு முதுகு காட்டாத ஸ்பீக்கர்

ராஜபாளையம் சந்திரோதயா ஸ்பின்னிங் மில்லில் யாருக்கும் காது செவிடானதில்லை. இது வாய்வார்த்தை இல்லை, மில்லின் கொள்கை. ஷெட்டுக்குள் காலமெல்லாம் நின்றவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள் என்று வருசம் தவறாமல் ஒரு டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய பரிசோதனை இப்படி. வரிசையில் வருகிறவரைப் பார்த்து முதலில் “நாக்கை நீட்டு” என்பார். அடுத்தது “இருமு”. அதற்கடுத்தது “காது கேக்குதா?” இந்த வரிசை என்றைக்கும் மாறியதில்லை. ஆகவே முதலில் நாக்கை நீட்டி, பிறகு இருமி, பிறகு தலையை ஆட்டத் தெரிந்த எல்லாருக்கும் அந்த மில்லில் காது நன்றாகக் கேட்டது.

உருப்படியான காதுப் பரிசோதனை அந்த வளாகத்தில் ஒரே ஒரு தடவை நடந்தது. அது முதலாளி வீட்டு நாய்க்குட்டிக்கு. வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டி. அந்த வகையில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். மதுரைக்குக் கார் அனுப்பிக் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்து, குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று மணியடித்து, தாம்பாளத்தைத் தட்டி, ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்கள்.

மனிதர்களில் வரிசை தவறியவர் ராக்கப்பன் ஒருவர்தான். நாக்கை நீட்டச் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டார். ‘பிறவிச் செவிடு, மில்லுக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். “பேரன் எடுத்த பொறவு நான் பொறவிச் செவிடாய்யா?” என்று கேட் வாசலில் நின்று கத்திப் பார்த்தார். பிறகு அதே கேட்டுக்கு எதிரில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார். காயாகக் கேட்டால் கனியாகக் கொடுப்பார். கேட்டவர்கள் முறைத்தால் தலையை ஆட்டுவார்.

வெள்ளைத்தாய்க்குக் கண்ணை மூடினால் அந்தக் கூடைதான் வந்து நிற்கும். அவளுடைய அப்பா பேச்சிமுத்துவும் அதே ஷெட்டில் ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினை ஓட்டுகிறவர்தான். அவருக்கும் காது போய் நாளாகிவிட்டது. வீட்டில் அம்மா வேலுத்தாய் புருசனோடு உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவாள். அவர் பார்த்துப் புரிந்துகொள்வார். சண்டைகூட அப்படித்தான். பக்கத்து வீட்டார், “பேச்சிமுத்து வீட்டுல ஒரு சத்தம் உண்டா? அவிய குடும்பம்லா குடும்பம்!” என்று பாராட்டுவார்கள். ஓய்வுபெறும்வரை இது வெளியே தெரியாமல் ஓடிவிட வேண்டும். தெரிந்தால் மறுநாள் கேட்டுக்கு எதிரில் இன்னொரு கூடை. வெள்ளைத்தாயின் வீட்டில் சாமி கும்பிடுவதென்றால் அது இந்த ஒரு விசயத்துக்காகத்தான்.

வெள்ளைத்தாய் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. தெருவுக்கே முதல் என்றும் சொல்வார்கள். தெரு அவ்வளவு சின்னது. பிசிக்ஸ் படித்தாள். ஒலி அலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானாள். படித்த பிறகு, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று பதிகிற வேலை அதே மில்லின் டைம் ஆபீசில் கிடைத்தது. கல்லூரி விடுதியில் கிதார் பழகியிருந்தாள். விடுதியைவிட்டு வரும்போது, கழுத்தில் கீறல் விழுந்த பழைய கிதார் ஒன்றை வார்டன் அவளிடமே கொடுத்துவிட்டார். கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கி வயருக்கு அனுப்புகிற பிக்கப் ஒன்றை அதன் வயிற்றுக்குள் ஒட்டி, வயர் சொருகத் துளையும் போட்டு வைத்திருந்தாள். சொருகுவதற்குத்தான் எதுவுமில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருசம் ஆயுத பூஜைக்கு முன்னால் அதற்கொரு வழி பிறந்தது. முந்தைய வருசம் மதுரையிலிருந்து வரவழைத்த பாட்டுக் கச்சேரிக்காரர்கள் பூஜை நாளில் பிரியாணி கேட்டுவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பதிலடியாக, மில்லின் தொழிலாளர் நல்வாழ்வு மன்றம் தானே ஓர் இன்னிசைக் குழுவைத் தொடங்கியது. குழுவில் தபலா இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, வெள்ளைத்தாயின் கிதாரும் இருந்தது. ஒத்திகையில் மற்ற இரண்டும் கேட்டன. கிதார் வாசிப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. ஆகவே மன்றத்துக்குக் கீழே ஒலிபெருக்கிக் கொள்முதல் ஆலோசனை உபகமிட்டி என்று ஒன்று உதயமாயிற்று.

கமிட்டியின் தலைவர் தொழிலாளர் நல அதிகாரி சௌந்தரபாண்டியன். சஃபாரி சூட் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. உறுப்பினர்கள், கணக்குப் பிரிவு ரத்தினமும் ஸ்பின்னிங் மேஸ்திரி ஐயாதுரையும். கிதார் வாசிப்பவள் என்ற முறையில் வெள்ளைத்தாயைச் சேர்க்க விதியில் இடமில்லை. பட்டதாரி என்ற முறையில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்தில் அதிகாரி பேசினார். “இசை தொழிலாளியோட களைப்பைப் போக்குது. களைப்புப் போனா உற்பத்தி பெருகும். உற்பத்தி பெருகினா களைப்பு வரும். களைப்பு வந்தா மறுபடி இசை தேவைப்படும். ஆக, இது ஒரு முடிவில்லாத நன்மை!”

ஐயாதுரை கைதட்டினார். ரத்தினம் பட்ஜெட்டைச் சொன்னார். விருந்தினருக்குப் பால்கோவா, முதலாளிக்குப் பொன்னாடை, ஆளுயர ரோஜா மாலை, இவை போக மிஞ்சுவது எதுவோ அதுதான் ஸ்பீக்கர்.

வெள்ளைத்தாய் எழுந்தாள். “அது போதும் சார். தனி ஆம்ப்ளிஃபயர், தனி ஸ்பீக்கர்னு போனாத்தான் செலவு. ஆம்ப் உள்ளயே வச்ச பெட்டியாப் பாத்து வாங்குனா, கிதார் வயரை நேரா அதுல சொருகிரலாம். பெருசா இருக்கணும்னு இல்ல. சத்தம் தெளிவா வந்தாப் போதும்.”

“எத்தனை வாட்ஸ்?” என்றார் ரத்தினம்.

“நாப்பது, அம்பது போதும் சார்.”

“எங்க வீட்டு அடுப்படியில நாப்பது வாட்ஸ் பல்புதான் எரியுது. அரிசியில கல்லு தெரிய மாட்டேங்குது. இத்தனை பேருக்கு எப்படிம்மா பத்தும்?”

“அப்ப நூறு வாங்கிருவோம்” என்றார் ஐயாதுரை.

“நூறுக்குக் கரண்ட் பில்லு யாருவே கட்டுவா?”

பல்பு வேறு, ஸ்பீக்கர் வேறு என்று வெள்ளைத்தாய் விளக்க ஆரம்பித்தாள். அதிகாரி கையமர்த்தி இரு தரப்பையும் சமாதானப்படுத்தினார். நூறு வாட்ஸ் பெட்டி வாங்குவதென்றும், அதில் நாற்பது வாட்ஸை மட்டும் பயன்படுத்துவதென்றும், மீதி அறுபதைப் பொங்கல் விழாவுக்கு வைத்துக்கொள்வதென்றும் தீர்மானம் நிறைவேறியது.

கமிட்டி மில் ஜீப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. அங்கே மடவார் வளாகம் பகுதியில் இருளப்பசாமியின் சவுண்ட் சர்வீஸ். சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர். கூமாப்பட்டிக் கொடைக்கென்று செய்து, அவர்கள் வாங்காமல் விட்ட ஒரு பெட்டி கடையை அடைத்துக்கொண்டு நின்றது. பீரோ உயரம். அதை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்பது இருளப்பசாமியின் வேண்டுதல். வெள்ளைத்தாயின் பார்வை அதன் மேல் படவில்லை. மூலையில் அரிசி டின் அளவில் ஒரு சின்னப் பெட்டி கிடந்தது.

“அது மெட்ராசுல இருந்து வந்தது தங்கச்சி. ஆம்பு உள்ளயே இருக்கு. ஆனா சபைக்கு எடுபடாது” என்றார்.

“ஒரு தடவ சொருகிப் பாக்கட்டா அண்ணாச்சி?”

சொருகினாள். கம்பிகளைச் சேர்த்து ஒரு தடவை மீட்டினாள். கம்பியில் விரல் வழுக்குகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. தான் வாசிப்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மற்றவர்களைப் போல அவளும் அனுமானத்தில்தான் வைத்திருந்தாள். தெருவில் பூ விற்றுப் போனவள் கூடையை இறக்காமலே நின்றாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றினார். வெள்ளைத்தாய் தன்னை மறந்து ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது, கமிட்டி பால்கோவா தின்றுகொண்டிருந்தது.

“டிபன் கேரியர் மாதிரி இருக்கேம்மா” என்றார் அதிகாரி. “மேடையில முதலாளி படம் எவ்வளவு பெருசு? பக்கத்துல இதை வச்சா அவரைக் கேலி பண்ணுன மாதிரி ஆயிராதா?”

“சத்தத்துக்குத்தான சார் வாங்குறோம்?”

“சத்தத்துக்கு வாங்குறது ஒலிபெருக்கி. விழாவுக்கு வாங்குறது கௌரவம்.”

ஒரே தடவை பார்த்து எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருந்ததால் கமிட்டி மறுபடி போனது, மறுபடியும் போனது. ஜீப்புக்கு டீசல், மதியச் சாப்பாடு, ஆண்டாள் சந்நிதியில் அர்ச்சனை, வீட்டுக்குப் பால்கோவா, எல்லாம் ஸ்பீக்கர் கணக்கில் ஏறின. ஸ்பீக்கர் வாங்கப் போய்ப் போய், ஸ்பீக்கர் வாங்குகிற சக்தி தேய்ந்தது. இருந்தாலும் அந்தச் சின்னப் பெட்டி கைக்கு எட்டாமல் போய்விடவில்லை. பீரோப் பெட்டியின் விலையை இருளப்பசாமி ஒவ்வொரு தடவையும் இறக்கி இறக்கி, கடைசியில் இரண்டும் ஒரே விலையில் வந்து நின்றன.

“அப்ப ஜனநாயக முறையில தீர்மானிப்போம்” என்றார் அதிகாரி. “கேக்கப்போறது தொழிலாளி. அவிய காதே நீதிபதி!”

வெள்ளைத்தாய் அவசரமாகக் குறுக்கிட்டாள். “சார், அவிய எல்லாம் ஷிப்டுல இருப்பாங்க. நாமளே கேட்டு…”

“மில்லு செலவுல ஷிப்டை நிறுத்துறோம்மா. நலம்னா சும்மாவா?”

மன்றத்து ஹாலில் நடுவே திரை கட்டினார்கள். பெட்டியின் உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், இருளப்பசாமி, கிதாரோடு வெள்ளைத்தாய். முன்னால் நாற்காலியில் அதிகாரியும் ரத்தினமும். தரையில், ஷெட்டிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்த தொழிலாளிகள். திரையின் கிழிசல் வழியே வெள்ளைத்தாய் பார்த்தாள். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் அவள் அப்பா. மகள் சம்பந்தப்பட்ட காரியம் என்று அவராகவே பேர் கொடுத்திருந்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தார்.

ஷெட்டுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் இரைச்சலில் மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்காது. அவர் வாய் அசைந்தால் கையைத் தூக்க வேண்டும். ‘சரி, கேட்டது’ என்று அர்த்தம். என்ன கேட்டது என்பதைப் பிறகு நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். கை தூக்கத் தாமதித்தவரைத்தான் மேஸ்திரி வைவார். இந்தப் பழக்கம் தொழிலாளிகளின் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. கேள்வி கேட்கும் பொறுப்பைக் கமிட்டி ஐயாதுரை மேஸ்திரியிடமே கொடுத்தது.

முதலில் சின்னப் பெட்டி. வெள்ளைத்தாய் வாசித்தாள். நன்றாகவே வந்தது. ஆனால் ஐயாதுரைக்கு வாய் நிறைய வெற்றிலைச் சாறு. பேச முடியாமல் புருவத்தைத் தூக்கி, “ம்?” என்றார். வாய் அசையவில்லை. தொழிலாளிகள் பதுமை மாதிரி இருந்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

“அப்பவே சொன்னேன், எடுபடாதுன்னு” என்று இருளப்பசாமி சின்னப் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

ஐயாதுரை ஜன்னலில் துப்பிவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “ஏலே, இது கேக்குதா?” என்றார்.

இருளப்பசாமியின் ஒரு கையில் கிதார் வயர், ஒரு கையில் கரண்ட் பிளக். பெரிய பெட்டி ஊமையாக நின்றது. வெள்ளைத்தாயின் விரல் கம்பியைத் தொடவே இல்லை.

எல்லாக் கைகளும் எழுந்தன. பேச்சிமுத்துவின் கை எல்லாவற்றுக்கும் மேலே.

அதிகாரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் கேட்கிறது. தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று ஒரு நல அதிகாரி எப்படிச் சொல்வார்? அந்த மில்லில் காது கேட்காமல் இருக்க முடியாதே! அவரும் கையைத் தூக்கினார். அதைப் பார்த்து ரத்தினமும் தூக்கினார்.

“ஆகா, என்ன துல்லியம்!” என்றார் அதிகாரி. “திரையை விலக்குங்க!”

விலக்கினார்கள். இருளப்பசாமி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “இன்னும் கரண்டு குடுக்கலையே சார்.”

 ரத்தினம்தான் முதலில் சுதாரித்தார். “கரண்டு குடுக்காமலே இம்புட்டுக் கேக்குதா? அப்ப பில்லே வராதே!”

அதிகாரியின் முகத்தில் மட்டும் சந்தேகம் ஒரு கொசு மாதிரி வந்து உட்கார்ந்தது. தொழிலாளிகளை ஒரு தடவை பார்த்தார். பேச்சிமுத்து இன்னும் கையை இறக்கவில்லை. மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நீ பிசிக்ஸ் படிச்சவ. நீ சொல்லு. கரண்டு இல்லாம சத்தம் வருமா?”

வராது. அதைச் சொல்லப் பட்டம்கூட வேண்டாம். ஆனால் ‘வராது’ என்று அவள் வாயைத் திறந்தால், அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அன்றைக்குச் சாயங்காலமே பிறவிச் செவிடர்கள். வெள்ளைத்தாய் அப்பாவின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க நூல் அறுத்த தழும்பு.

“வரும் சார்” என்றாள். “பெட்டிக்குள்ள கப்பாசிட்டர்னு ஒண்ணு இருக்கு. பழைய கரண்டைக் கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கும். அது… செத்த நேரத்துக்குத் தானா ஓடும்.”

“வயரு?”

“வயர் இல்லாமலும்… லேசா வரும் சார்.”

“படிப்புன்னா இதுல்லா படிப்பு!” என்றார் அதிகாரி. பட்டதாரி உறுப்பினரின் விஞ்ஞான விளக்கத்தை ஏற்றுப் பெரிய பெட்டியே வாங்கப்படுகிறது என்று எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டு, வழக்கம்போலப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்றும் எழுதினாள். எழுதிய பிறகுதான் காது மடல் இரண்டும் எரிந்தன. சின்னப் பெட்டியை இருளப்பசாமி கோணிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போவதை அவள் பார்க்கவில்லை; பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். காது கேளாதவர் பேச்சு, கொஞ்சம் உரக்கத்தான் வரும். அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“சரியான நேரத்துக்குத்தான தாயி கையத் தூக்குனேன்? உன் பெட்டிதான ஜெயிச்சுச்சு?”

வெள்ளைத்தாய் உதட்டை அசைத்தாள். “ஆமாப்பா. என் பெட்டிதான்.”

ஆயுத பூஜை அன்று மில் வாசலில் வாழை மரம், மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் ரிங் பிரேம்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும். பந்தலில் முன் வரிசையில் ஆபீஸ் குடும்பங்கள், பின்னால் தொழிலாளிகள், அவர்களுக்கும் பின்னால் அவர்களுடைய பெண்டுபிள்ளைகள். மேடையில் முதலாளி, அவர் மனைவி, காதுக்குச் சான்று கொடுக்கிற டாக்டர். பீரோப் பெட்டிக்கும் மாலை போட்டுச் சந்தனம் தடவியிருந்தார்கள்.

அதை எங்கே வைப்பது என்பதில் பிரச்சினை எழுந்தது. வெள்ளைத்தாய் அதை மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பியிருந்தாள். அதிகாரி ஓடிவந்தார்.

“என்னம்மா காரியம் பண்ணுற? முதலாளி பின்னால உக்காந்திருக்காரு. பெட்டி அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது!”

“ஸ்பீக்கர் கூட்டத்தைப் பாத்துத்தான் சார் இருக்கணும்.”

“இந்த மில்லுல எதுவுமே முதலாளிக்கு முதுகு காட்டுனதில்ல. நான் அவருகிட்டப் பேசிட்டு வெளிய வரும்போதுகூடப் பின்பக்கமா நடந்துதான் வருவேன், தெரியுமா? ரெண்டு தடவ கதவுல இடிச்சிருக்கேன்.” அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

“சார், பெட்டி மேடையைப் பாத்து இருந்தா, நடுவுல நான் இருக்கேன். அதுல வர்ற சத்தம் திரும்பக் கிதாருக்குள்ள போகும். கிதார்ல இருந்து மறுபடி பெட்டிக்கு. சுத்திச் சுத்திப் பெருகி ஊளை விடும் சார்.”

“விடட்டும். முதலாளியைப் பாத்து விடட்டும். அது மரியாதை.”

பெட்டியைத் திருப்பினார்கள்.

பூஜை முடிந்து, உரைகள் முடிந்து, கச்சேரி தொடங்கியது. கண் விழித்துப் பழகிய பாட்டு. வெள்ளைத்தாய் கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். சலவை வேட்டியோடு, தொழிலாளிகளில் முதல் வரிசையில் இருந்தார். அவள் பிளக்கைச் சொருகி முதல் கம்பியைத் தொட்டாள்.

ஊளை கிளம்பியது. நரி ஊளை என்று சொன்னால் நரி வருத்தப்படும். இரும்பை இரும்பால் உரித்த மாதிரி ஒரு கூச்சல், பந்தல் கீற்றை உதறிக்கொண்டு போயிற்று. முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “சாலு! சாலு!” என்று வீட்டுத் தெலுங்கில் ‘போதும், போதும்’ என அலறினார். அவர் மனைவி முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டார். டாக்டர் காதைப் பொத்தினார். ரத்தினம் பொத்தினார். ஆபீஸ் குடும்பங்கள் பொத்தின. பின்னால் பிள்ளைகள் வீறிட்டன. வெள்ளைத்தாயும் கிதாரை மடியில் விட்டுவிட்டுத் தன்னை அறியாமல் காதைப் பொத்தினாள்.

நடுவே தொழிலாளிகள் மட்டும் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வரிசை வரிசையாக, சாந்தமாக, மரியாதையாக. சிலர் ரசித்துத் தலையாட்டினார்கள்.

வெள்ளைத்தாய் சட்டென்று கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். ஊளை நின்றது. நின்ற அமைதியில் மேடையிலிருந்த எல்லாரும் அந்தக் கூட்டத்தையே பார்த்தார்கள்.

பேச்சிமுத்து மேடையைப் பார்த்தார். காதிலிருந்து இன்னும் கையை எடுக்காத முதலாளி. முந்தானைக்குள் முதலாளியம்மா. மகளின் வெளிறிய முகம். ஏதோ சத்தம் வந்திருக்கிறது, தான்மட்டும் பொத்தாமல் விட்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. தப்பைத் திருத்திக்கொள்கிறவர் மாதிரி, இரண்டு கைகளையும் மெள்ளத் தூக்கி, நிசப்தத்தில் காதைப் பொத்திக்கொண்டார். முகத்தையும் சுளித்தார்.

டாக்டர் முன்னால் குனிந்தார். “அந்த ஆளு ஏன் இப்பப் பொத்துறாரு? சத்தம்தான் நின்னுருச்சே?”

முதலாளியும் பார்த்தார். சௌந்தரபாண்டியன் பேர்ப் பட்டியலைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார்.

வெள்ளைத்தாய் யோசிக்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தாள். கிதாரின் வயிற்றைப் பெட்டிக்கு நேராகத் திருப்பினாள். கிதாரில் சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசிவரை திருகினாள்.

முதல் ஊளை இதற்கு முன்னால் தாலாட்டு. மேடையில் செம்பு உருண்டது. டாக்டர் கேள்வியை விழுங்கிவிட்டுக் காதோடு தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இப்போது பேச்சிமுத்து பொத்தியிருந்தது சரியாக இருந்தது. மற்ற எல்லாரையும் போல அவரும் பொத்தியிருந்தார். அவர் கை இறங்கிவிடக் கூடாதே என்று அவள் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டி வழிந்தது. துடைக்கக் கை இல்லை; தோளில் தேய்த்துக்கொண்டு கிதாரைப் பிடித்தபடியே இருந்தாள். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைக்கும்வரை விடவில்லை.

தபலாக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எங்களையும் சேர்த்துல்லா சந்தி சிரிக்க வச்சிட்ட ஏட்டி” என்று இறங்கிப் போனார். ஆபீஸ் குடும்பத்துப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பழகின பாட்டில் ஒரு வரிகூட யாருக்கும் தெரியாது.

அதிகாரி மைக் இல்லாமலே முன்னால் வந்து முழங்கினார். “முதலாளி அவர்களே! இந்த மேடையில இருந்தவங்க, நான் உட்பட, பொறுமை இழந்தோம். ஆனா நம்ம தொழிலாளி? ஒரே ஒரு ஆளைத் தவிர யாராவது அசைஞ்சாங்களா? காதைப் பொத்தினாங்களா? இதுதான் ஒழுக்கம்! இதை எந்த மில்லு குடுக்கும்? எங்க ஷெட்டுல வருசக்கணக்கா நின்னு பழகுனாத்தான் இது வரும்!”

டாக்டர்தான் முதலில் கைதட்டினார். ஒழுக்கத்துக்குப் பரிசாகத் தொழிலாளிகள் அனைவருக்கும் ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலம் என்று முதலாளி அறிவித்தார். ஐயாதுரை மேஸ்திரி வாயசைக்க, எல்லாரும் கை தூக்கினார்கள்.

பொட்டலம் கிடைக்காதவர் ஒரே ஒருவர். முதலாளி முன்னிலையில் காதைப் பொத்தியதற்காகப் பேச்சிமுத்துவிடம் அங்கேயே மெமோ நீட்டினார்கள். ‘காது கூர்மையாக இருக்கிறது என்ற காரணத்தை வைத்துக்கொண்டு இசையை அவமதித்தது’ என்று அதில் கண்டிருந்தது. கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். வேலைக்குப் பங்கமில்லை. வெள்ளைத்தாயை இன்னிசைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

மறுநாள் விஜயதசமி, மில் விடுமுறை. காலையில் வேலுத்தாய் மகளைச் சத்தமாகவே வைதாள். “ஊரே சிரிக்குது. ஒரு பாட்டை ஒழுங்கா வாசிக்கத் துப்பில்ல, உனக்கு எதுக்குட்டி கிதாரு?” நடந்தது இன்னதென்று வெள்ளைத்தாய் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒருநாள் உதட்டசைவில் அது அப்பாவுக்கும் போய்விடும்.

பேச்சிமுத்து காப்பி டம்ளரோடு வந்து மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“அவ கெடக்கா. மொதப் பாட்டு எனக்கு அம்புட்டாப் பிடிபடல தாயி. ரெண்டாவது வாசிச்ச பாரு, அதுதான் பாட்டு. அதை இப்ப எனக்கு ஒருக்கா வாசி.”

அவள் கிதாரை எடுத்தாள். அவ்வளவு நாள் பழகிய பாட்டை, தலையைக் குனிந்தபடி, முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசகு இல்லாமல் வாசித்தாள். அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையை ஆட்டி மறுத்தார்.

“இது இல்ல தாயி. அதுல நீ என்னையவே பாத்துல்லா வாசிச்ச.”

வெள்ளைத்தாய் மறுபடியும் முதல் கம்பியில் விரலை வைத்தாள். தலைதான் நிமிரவில்லை.